சத்தம் எங்கே கேட்கிறது? பழைய எம்.டி. 90 இஞ்சினைச் சோதித்துத் திருத்துதல்

ஜப்பானில் வீடு வீடாகக் கடிதம் கொடுப்பதற்கென்று ஹொண்டா நிறுவனம் செய்த சிவப்பு வண்டி, பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் நெல் மூட்டையோடு போகிறது. எம்.டி. 90 என்ற இந்த வண்டி 1958இல் வெளிவந்த சுப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. கிடையாகப் படுத்த ஒற்றைச் சிலிண்டர், காற்றிலேயே குளிரும் இஞ்சின், கிளச் லீவர் இல்லாத கியர். சுப்பர் கப் வரிசையில் 2017 ஒக்ரோபரோடு பத்துக் கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. சி 50, சி 70, பெண்கள் விரும்பி ஓடிய சாலி, பின்னால் வந்த ஹீரோ ஹொண்டா 100 சிசி வண்டிகள் எல்லாவற்றின் இஞ்சினும் இதற்கு உறவுதான். ஆகவே எம்.டி.யை முன்வைத்து இந்த அத்தியாயம் சொல்வதில் பெரும்பகுதி அவற்றுக்கும் பொருந்தும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்து வருடம், கையில் இருந்ததைத் திருத்தி ஓடுவதைத் தவிர வன்னிச் சனத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. விறாந்தையின் மூலையில் சாத்தி வைத்திருந்த வண்டிகள்கூட மறுபடி வீதிக்கு வந்தன. வந்தவை சும்மா வரவில்லை, சத்தத்தோடு வந்தன.

சத்தத்தைக் கேட்டுப் பழுதைச் சொல்லும் கலை வன்னியில் வசதியால் வளர்ந்ததல்ல. 1990இல் அரசு தொடங்கிய பொருளாதாரத் தடை, 2002இல் போர்நிறுத்தக் காலத்தில்தான் தளர்ந்தது. அதுவரை பெற்றோலும் வாகன உதிரிப்பாகங்களும் தடைப்பட்டியலில் இருந்தன. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணுவார்கள். இஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு பெற்றோலைவிட மிகக் குறைவு. அதனால் அது வேளைக்கு முந்தியே தீப்பிடித்து பிஸ்ரனின் தலையில் இடிக்கும். எரியாமல் மிஞ்சியது சிலிண்டர் சுவரில் இருக்கிற ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, இஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணியாக்கும். ரிங் தேயும், பெயாரிங் தேயும், எல்லாமே சத்தம் போடும். திறந்து பார்க்கலாம் என்றால் திரும்பப் பூட்டுவதற்குக் கஸ்கட் இல்லை. திறக்காமலே பழுதைக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் அப்படித்தான் வந்தது.

இன்று கஸ்கட் தாராளமாகக் கிடைக்கிறது. அதனாலேயே ஒரு கெட்ட பழக்கமும் வந்துவிட்டது: சத்தம் என்றதும் ஹெட்டைக் கழற்றுவது. இந்த அத்தியாயம் சொல்ல வருவது அதற்கு எதிரானது. மலிவான காரணம் முதலில், செலவான காரணம் கடைசியில். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். உள்ளிருந்து வெளியே வரக்கூடாது.

எப்போது கேட்கிறது என்பதே பாதி விடை

"சத்தம் எப்ப வருது தம்பி?"

"எப்பவும்தான் அண்ணை."

கராஜ் வாசலில் நாளாந்தம் நடக்கும் இந்த உரையாடலால் ஒருவருக்கும் பயனில்லை. வண்டிக்காரர் கராஜுக்கு வரமுன்னமே சிலவற்றைக் கவனித்துக்கொண்டு வர வேண்டும். காலையில் முதல் உதையில் கேட்கிற சத்தம் சூடேறியதும் குறைகிறதா? அல்லது குளிரில் அமைதியாக இருந்துவிட்டு, பத்துக் கிலோமீற்றர் ஓடிய பிறகு தொடங்குகிறதா? நின்ற இடத்தில் நியூற்றலில் கேட்கிறதா, ஓடும்போது மட்டுமா? அக்சிலேற்றர் கொடுக்கும்போதா, விடும்போதா? பின்னால் ஆள் இருந்தால் கூடுகிறதா? குளிரில் கேட்டுச் சூட்டில் குறைவது பெரும்பாலும் பிஸ்ரன். சூட்டில் கூடுவது பெரும்பாலும் ஒயில் அல்லது பெயாரிங். அக்சிலேற்றரை விடும்போது கிலுங்குவது ரைமிங் செயின். சுமையில் மட்டும் கணகணப்பது தீப்பொறி நேரம் அல்லது எரிபொருள். இவை முடிந்த முடிவுகள் அல்ல. ஆனால் தேடுவதற்குத் திசை காட்டும்.

இஞ்சின் ஓடும் வேகத்தோடு சேர்ந்து கூடிக் குறையும் சத்தத்தையும், சில்லு சுழலும் வேகத்தோடு மாறும் சத்தத்தையும் பிரித்தறிவது அடுத்தது. நல்ல வேகத்தில் போகும்போது அக்சிலேற்றரை விட்டு, கியர் பெடலை அமத்தியபடி வண்டியை உருள விட்டால் போதும். எம்.டி.யில் பெடலை அமத்திப் பிடித்திருக்கும்வரை கிளச் விடுபட்டிருக்கும். இஞ்சின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் சத்தம் அதே வேகத்தில் தொடர்ந்தால் அது இஞ்சினில் இல்லை. செயினிலோ சில்லுப் பெயாரிங்கிலோ பிரேக்கிலோ தேட வேண்டும். இதை ஆளில்லாத நேரான வீதியில் செய்வதே புத்தி.

பிறகு இடம். நீளமான ஸ்குறூ ட்ரைவர் ஒன்றின் நுனியை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னுள்ள எலும்பில் அழுத்தினால், வெளிச்சத்தம் அடங்கி உள்சத்தம் தெளிவாகும். மேலும் கீழுமுள்ள இரண்டு ரப்பெற் மூடிகள், சிலிண்டரின் இடதுபக்கம், இடது மூடி, கிளச் உள்ள வலது மூடி, அடிப்பக்கம் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேட்க வேண்டும். பல இடங்களில் கேட்டாலும் ஓரிடத்தில் கூர்மையாகக் கேட்கும். அந்த இடம்தான் முக்கியம். பிளக் வயரிலும் சூடான சயிலன்சர் குழாயிலும் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை பட்டவர் மறக்கமாட்டார்.

இஞ்சின் இல்லாத இஞ்சின் சத்தங்கள்

எம்.டி.யின் செயின் முழுவதும் மூடிய தகரப் பெட்டிக்குள் ஓடுகிறது. சேறும் தூசியும் உள்ள நாட்டுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் செயின் தொய்ந்தால் அந்தப் பெட்டியின் சுவரில் அடித்து, இஞ்சினே உடைந்துவிட்டதாக நம்ப வைக்கும். பெட்டியிலுள்ள ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் செயினை மேலும் கீழும் அசைத்தால் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை அசைய வேண்டும். சில்லைச் சுழற்றிப் பல இடங்களில் பார்க்க வேண்டும், ஏனென்றால் தேய்ந்த செயின் ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தொங்கும்.

இரண்டாவது, சயிலன்சர் குழாய் ஹெட்டோடு சேரும் இடம். அங்கேயுள்ள இரண்டு நட்டும் தளர்ந்தாலோ, உள்ளே உள்ள செப்புக் கஸ்கட் நசிந்தாலோ புகை "டிப் டிப்" என்று வெளியே அடிக்கும். ரப்பெற் சத்தத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாமல் ரப்பெற்றை இறுக்கி வால்வைக் கருக்கியவர்கள் உண்டு. குளிர்ந்த இஞ்சினில் அந்தப் பொருத்தைச் சுற்றிச் சவர்க்காரத் தண்ணீர் தடவி ஸ்ராட் பண்ணினால், ஒழுக்கு இருக்குமிடத்தில் குமிழி வரும். செலவு ஒரு கஸ்கட்.

கால் மறைக்கும் பிளாஸ்ரிக் தட்டின் ஆணி, முன்பக்கக் கூடையின் தாங்கி, இஞ்சினை சட்டத்தில் தொங்கவிடும் போல்ட்டுகள் இவற்றையும் ஒருமுறை ஸ்பனர் போட்டுப் பார்க்க வேண்டும். கிரவல் வீதியில் தினமும் ஓடும் வண்டியில் இறுக்கிய நட்டு இறுக்கியபடி இருக்காது.

ஒயிலைப் பார்க்காமல் வேறெதையும் பார்க்கக்கூடாது

இந்த இஞ்சினில் கார் இஞ்சினில் இருப்பதுபோலக் கழற்றி எறிந்து மாற்றும் ஒயில் பில்ரர் கிடையாது. வலது மூடிக்குள் ஒரு கம்பிவலை வடி இருக்கிறது. பழைய வகைகளில் கிளச்சோடு சேர்ந்து சுழன்று அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும் உண்டு. அவ்வளவுதான். மொத்த ஒயிலே ஒரு லீற்றருக்கும் குறைவு. அதில் கால்வாசி எரிந்துபோனால் மிச்சம் எவ்வளவு என்பதை யோசித்தாலே, இஞ்சின் ஏன் சத்தமிடுகிறது என்பது புரியும்.

அளவு பார்ப்பதிலும் ஒரு பிழை பரவலாக நடக்கிறது. வண்டியைச் சமதரையில் நடு ஸ்ராண்டில் நிறுத்தி, அளவுக்கோலைத் துடைத்து, மரை சுற்றாமல் சும்மா வைத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். சுற்றி இறுக்கிப் பார்த்தால் இல்லாத ஒயில் இருப்பதாகக் காட்டும்.

அடுத்து மணம். அளவுக்கோலில் பெற்றோல் மணம் அடித்தால், அல்லது ஒயில் ஊற்றாமலே அளவு கூடியிருந்தால், காபரேற்றரின் மிதவை ஊசி அடைக்காமல் பெற்றோல் உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். அந்த ஒயிலோடு ஓடக்கூடாது. ஊசியைத் துப்புரவாக்கி அல்லது மாற்றி, ஒயிலையும் மாற்ற வேண்டும். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது பலருடைய வண்டிகள் முழுவதுமாகத் தாண்டன. அப்படித் தாண்ட இஞ்சினை உதைத்துப் பார்ப்பதே பெரிய பிழை. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஒயிலை வடித்து, மலிவான ஒயில் விட்டு ஓட வைத்து மறுபடி வடித்து, வெளுப்புப் போகும்வரை மாற்ற வேண்டும். பெயாரிங்குக்குள் தண்ணீர் நின்று துருப்பிடித்தால், ஒன்றிரண்டு மாதத்தில் அது உறுமத் தொடங்கும்.

வடித்த ஒயிலை வீசிவிடாமல் வெயிலில் வைத்து ஆட்டிப் பார்ப்பது நல்லது. மினுமினுப்பு தெரிந்தால் ஒரு காந்தத்தை அதற்குள் விட வேண்டும். காந்தத்தில் ஒட்டுவது உருக்கு: கியர், பெயாரிங், கிராங். ஒட்டாத வெள்ளி நிறத் தூள் அலுமினியம்: பெரும்பாலும் பிஸ்ரன். புகைநிறத்தில் மெல்லிய பசை கொஞ்சம் ஒட்டினால் அது வழமையான தேய்மானம். அதற்காக நித்திரை குழம்பத் தேவையில்லை. நகத்தில் தட்டுப்படும் சிராய் வந்தால் வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

கார் ஒயிலை மலிவென்று விடுவதும் சரியல்ல. இந்த வண்டியில் கிளச் அதே ஒயிலுக்குள்தான் சுழல்கிறது. உராய்வைக் குறைக்கும் சேர்மானமுள்ள கார் ஒயிலால் கிளச் வழுக்கும். பேணியில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற அடையாளம் இருப்பதை வாங்க வேண்டும். வன்னியின் வெயிலுக்கு 20 டபிள்யூ 40 அல்லது 20 டபிள்யூ 50 பொருத்தம். கிரவல் வீதியில் சுமையோடு ஓடும் பழைய வண்டிக்கு 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது வீண்செலவல்ல.

ரப்பெற்

ஐடிலில் "டிக் டிக்" என்று சீராக, கிராங் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்கு ஒருமுறை கேட்பது ரப்பெற் சத்தம். வால்வின் தலைக்கும் அதை அமத்தும் ரொக்கர் ஆணிக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருந்தே ஆக வேண்டும். இந்த இஞ்சினில் உள்வால்வுக்கும் வெளிவால்வுக்கும் அது 0.05 மில்லிமீற்றர், குளிர்ந்த நிலையில். தேயத்தேய இடைவெளி கூடிச் சத்தம் வரும்.

திருத்துவது வீட்டிலேயே முடியும். இரவு முழுவதும் ஆறிய இஞ்சினில் காலையில் செய்வது உத்தமம். இடது மூடியையும் பிளக்கையும் கழற்றிய பிறகு, 17 ஸ்பனரால் மேலும் கீழுமுள்ள ரப்பெற் மூடிகள் இரண்டையும் எடுக்க வேண்டும். இடதுபக்கத்தில் தெரியும் மக்னெற் சில்லை இடஞ்சுழியாக, அதாவது மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுற்றினால், அதன் விளிம்பில் 'டி', 'எஃப்' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பக்கத்தில் கோடுகள் வரும். 'டி' கோடு இஞ்சின் உடலிலுள்ள குறிக்கு நேரே நிற்கும்போது பிஸ்ரன் உச்சியில் இருக்கிறது. ஆனால் உச்சி இரண்டு உண்டு. விரலால் இரண்டு ரொக்கரையும் அசைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் இலேசாக ஆடினால் அதுதான் அமுக்க உச்சி. ஒன்று இறுகி நின்றால் இன்னொரு முழுச் சுற்று.

இப்போது 0.05 பீலர் கேஜ் தகட்டை வால்வுத் தலைக்கும் ஆணிக்கும் இடையே விட வேண்டும். தகடு மெல்லிய இழுவையோடு வர வேண்டும். தடையின்றி வழுக்கவும் கூடாது, மாட்டிக்கொண்டு வளையவும் கூடாது. 9 ஸ்பனரால் லொக் நட்டைத் தளர்த்தி, ஆணியின் சதுரத் தலையைத் திருப்பி இந்த இழுவைக்குக் கொண்டுவந்து, ஆணியை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது ஆணி எப்படியும் கொஞ்சம் கூடச் சுற்றும். ஆகவே தகட்டை மறுபடி விட்டுப் பார்க்காமல் மூடி போடக்கூடாது. முதல்முறை செய்பவருக்கு மூன்று நான்கு தடவை போகும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சத்தம் அடியோடு போக வேண்டும் என்று இடைவெளியே இல்லாமல் இறுக்குவதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய கெடுதி. சூடேறும்போது வால்வு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் அது முழுவதும் மூடாது. வெளிவால்வு தன் சூட்டை இருக்கையில் பட்டு இறக்க முடியாமல் கருகும், அமுக்கம் போகும், பிறகு ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். இலேசாக டிக்கடிக்கும் ரப்பெற் நல்ல ரப்பெற் என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வது சரியே.

இடைவெளி சரியாக இருந்தும் சத்தம் குறையாவிட்டால், ரொக்கரின் முகமோ கம் ஷாஃப்டின் மேடோ குழி விழுந்திருக்கும். அதற்குக் காரணம் அநேகமாக மேலே ஒயில் ஏறாதது. ரப்பெற் மூடியைத் திறந்தபடி ஐடிலில் கொஞ்ச நேரம் ஓட விட்டால், ரொக்கர் ஒயிலில் நனைய வேண்டும். காய்ந்தே இருந்தால் வடியையும் ஒயில் பம்பையும் பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் புதிய கம் ஷாஃப்ட் வாங்கிப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

ரைமிங் செயின்

தகரப் பேணிக்குள் சில்லறைக் காசைக் குலுக்கியது போன்ற சத்தம் சிலிண்டரின் இடதுபக்கத்திலிருந்து வந்து, அக்சிலேற்றரைக் கொடுத்து விடும்போது கூடினால், அது ரைமிங் செயின். கிராங்கிலிருந்து ஹெட்டிலுள்ள கம் ஷாஃப்டைச் சுற்ற வைக்கும் இந்தச் செயின் நீளத் தொடங்கும். அதைத் தாங்கும் ரப்பர் உருளைகள் சூட்டில் காய்ந்து கல்லாகும். செயினை அமத்திப் பிடிக்கும் ரென்சனர் கம்பியின் நுனி ரப்பரும் தேயும். பெரும்பாலான வண்டிகளில் செயினைவிட இந்த ரப்பர்கள்தான் முதலில் போகின்றன.

ரென்சனருக்கு வெளியே லொக் நட்டு உள்ள பழைய வகைகளில் திருத்தம் எளிது. இஞ்சினை ஐடிலில் ஓட விட்டு, லொக் நட்டையும் அதன் ஆணியையும் தளர்த்தினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகவே கம்பியைத் தள்ளிச் செயினை இறுக்கும். சத்தம் குறைந்ததும் ஆணியையும் நட்டையும் இறுக்கிவிடலாம். அப்படியும் குறையாவிட்டால், இஞ்சினுக்கு அடியிலுள்ள 14 ஸ்பனர் போல்ட்டைக் கழற்றி உள்ளிருக்கும் ஆணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்பலாம். சத்தம் நின்ற இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் அரைபடும். வெளி நட்டு இல்லாத வகைகளில் இறுக்கம் தானியங்கி. சத்தம் வந்தால் பாகத்தை மாற்றுவதே வழி.

மாற்றும்போது செயினை மட்டும் மாற்றுவது அரைவேலை. உருளைகள், ரென்சனர் நுனி, ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்துப் போட வேண்டும். பற்சில்லின் பல் கொக்கிபோல வளைந்திருந்தால் அதையும். பூட்டும்போது மக்னெற் சில்லின் 'டி' கோடு தன் குறியிலும், கம் பற்சில்லிலுள்ள வட்டக் குறி ஹெட்டிலுள்ள வெட்டுக்கு நேராகவும் இருக்க வேண்டும். ஒரு பல் தப்பினாலே வண்டி ஸ்ராட் எடுக்கச் சிரமப்படும், இழுவை இருக்காது. கூடத் தப்பினால் வால்வு பிஸ்ரனில் முட்டும். அதனால் மூடமுன் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கிக்கரில் கால் வைக்க வேண்டும்.

சுமையில் கணகணப்பு

நியூற்றலில் ஒன்றும் கேட்காது. பின்னால் மூட்டை வைத்து மூன்றாம் கியரில் மெதுவாக இழுக்கும்போது மட்டும் மெல்லிய உலோகத் தகடு அதிர்வதுபோல் கணகணக்கும். மண்ணெண்ணெய்க் காலத்தில் இதை அறியாதவர் இல்லை. இப்போது காரணங்கள் வேறு. தீப்பொறி முந்திப் போவது ஒன்று: பொயின்ற் உள்ள வண்டிகளில் அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும், மக்னெற் சில்லின் 'எஃப்' கோடு குறிக்கு வரும்போது பொயின்ற் திறக்கத் தொடங்க வேண்டும். ஹெட்டுக்குள் படிந்த கரி இன்னொன்று. காபரேற்றர் பொருத்தில் காற்று இழுத்துக் கலவை மெலிவது மூன்றாவது.

நான்காவது பெற்றோல். 2022 பொருளாதார நெருக்கடியில் பெற்றோலைப் பங்கிடும் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் ஒதுக்கினார்கள். போதாதவர்கள் போத்தலில் விற்றதை வாங்கினார்கள். அதற்குள் என்ன கலந்திருந்தது என்பது விற்றவருக்குத்தான் தெரியும். இந்த இஞ்சினுக்கு 92 ஒக்ரேன் தாராளம். 95 விட்டால் கணகணப்பு நிற்கிறது என்றால் பழுது வேறெங்கோ இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கணகணப்பை அலட்சியம் செய்து மாதக்கணக்கில் ஓடினால் பிஸ்ரன் தலை உருகித் துளைபடும்.

பிஸ்ரன்

காலையில் "டக் டக்" என்று மழுங்கலாகக் கேட்டு, சூடேறியதும் அடங்குவது தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்ரன் சாய்ந்து அடிப்பது. கூடவே நீலப்புகையும் ஒயில் குறைவதும் இருந்தால் சந்தேகமே இல்லை. வன்னியில் இதற்கு முதல் குற்றவாளி செம்மண் தூசி. காற்று வடி கிழிந்தபடியோ, "இழுவை கூடும்" என்று கழற்றி வீசியபடியோ ஓடும் வண்டியில் அந்தத் தூசி நேராகச் சிலிண்டருக்குள் போய் அரைக்கிறது. சிலிண்டரைப் போர் அடித்து, அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்கி, வந்த வண்டி மறுவருடமே புகைக்கிறது என்றால், மெக்கானிக்கை ஏசமுன் வடிப்பெட்டியைத் திறந்து பார்ப்பது நியாயம்.

திறந்த பிறகு, தேய்வை அளக்க எளிய வழி ரிங்கை எடுத்துச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்ரன் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பீலர் கேஜால் பார்ப்பது. அரை மில்லிமீற்றரைத் தாண்டினால் ரிங் போய்விட்டது. புதிய ரிங்கிலும் அதே அளவு காட்டினால் சிலிண்டர் போய்விட்டது. லேத் பட்டறையில் போர் அடித்து 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என்று கூடிய அளவுப் பிஸ்ரன் போடலாம். பிஸ்ரனை முதலில் வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்துத்தான் போர் அடிக்க வேண்டும். ஒரே அளவு அச்சிட்ட இரண்டு பிஸ்ரன்கள் உண்மையில் ஒரே அளவாக இருப்பதில்லை.

கொன்றோட் என்று முடிவுகட்டமுன்

கனமான, ஆழத்திலிருந்து வரும் "டொக் டொக்" கேட்டதும், பிஸ்ரனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்றோட் போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லமுன் இடது மூடியைக் கழற்றி மக்னெற் சில்லின் நட்டில் ஸ்பனர் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த நட்டு தளர்ந்து, உள்ளே உள்ள சாவி தேய்ந்து, சில்லு கிராங்கில் ஆடினால் அச்சொட்டாக இதே சத்தம்தான் வரும். நட்டை இறுக்கிச் சாவியை மாற்றினால் முடிகிற வேலைக்கு இஞ்சினை இரண்டாகப் பிளப்பது கொடுமை. முன்பற்சில்லின் தளர்வும் கிளச்சுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகளின் தளர்வும் இப்படி ஏமாற்றும். நின்ற இடத்தில் கியர் பெடலை அமத்திப் பிடிக்கும்போது சத்தம் மாறினால் கிளச் பக்கம் தேட வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்து, சிலிண்டரும் கழற்றியாயிற்று என்றால், கிராங்கை உச்சியில் நிறுத்தி, கொன்றோட்டை இரண்டு விரலால் பிடித்து நேர்கோட்டில் இழுத்துத் தள்ள வேண்டும். பக்கவாட்டில் ஆடுவது இயல்பு; அதற்கு இடம் விட்டே செய்திருக்கிறார்கள். இழுத்துத் தள்ளும் திசையில் கொஞ்சம் "கிளிக்" என்றாலும் பெரிய முனைப் பெயாரிங் முடிந்துவிட்டது. "உர்ர்" என்ற உறுமல் வேகத்தோடு ஏறி, மக்னெற் சில்லை மேலும் கீழும் ஆட்டும்போது அசைவு தெரிந்தால் அது கிராங் பெயாரிங். போர் முடிந்த 2009 மே மாதத்தின் பின் முள்ளிவாய்க்கால் பக்கத்தில் மழையிலும் உப்பு மணலிலும் குவிந்து கிடந்த வண்டிகளைப்போல, நீண்டகாலம் அசையாமல் கிடந்து மீட்கப்பட்ட எந்த வண்டியிலும் இந்தப் பெயாரிங்குகளைச் சோதிக்காமல் ஓடத் தொடங்கக்கூடாது. பெயாரிங் வளையத்தில் துருக் குழி இருந்தால் எந்த ஒயிலும் அதை ஆற்றாது.

இந்தக் கிராங் துண்டுகளாகச் செய்து அழுத்திப் பொருத்தியது. அதைப் பிரித்துப் புதிய கொன்றோட், கிராங் ஊசி, பெயாரிங் போட்டு, திரும்ப அழுத்தி நேர் பார்ப்பது பிரஸ்ஸும் டயல் கேஜும் உள்ள பட்டறைக்கு உரிய வேலை. சுத்தியலால் அடித்து நேராக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுப்பதைவிட, வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது மலிவு. கிராங்கை வாங்கும்போது இரண்டு முனையிலும் ஓட்ட அளவை உங்கள் கண்முன்னே டயல் கேஜில் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஊசியையும் பெயாரிங்கையும் கேட்டு வாங்குங்கள். பூட்டியபின் முதல் 500 கிலோமீற்றர் மூட்டை ஏற்றாமல், முழு அக்சிலேற்றர் கொடுக்காமல் ஓடி, ஒயிலை மாற்றி, வலது மூடியைத் திறந்து வடியில் என்ன தேங்கியிருக்கிறது என்று பாருங்கள்.